வாசக்காலுக்கு ஒரு முழுக்காசு

மாசிலாமணி வாயைத் திறந்து பொய் சொல்ல மாட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வாட்ஸ்அப்பில் பழைய நாணயங்களை ஏலம் விடுகிற ஒருவன் பொய் சொல்லாமல் காலம் தள்ளுகிறான் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? ஆனாலும் நிஜம் அதுதான். அவனுக்காகப் பொய்யையெல்லாம் படம் சொல்லிவிடும்.

அந்தப் படங்களில் காசைப் பிடித்திருப்பது அவன் மனைவி புனிதாவின் கை. மாசிலாமணியின் நகக்கண்ணில் எப்போதும் ஜெராக்ஸ் மை ஏறியிருக்கும். அந்தக் கையோடு படம் எடுத்தால் வெள்ளிக்காசும் செல்லாக்காசு மாதிரி தெரியும் என்று ஆரம்பத்திலேயே கண்டுகொண்டான். புனிதாவின் கை பார்க்க லட்சணமாக இருக்கும். தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவள். கட்டைவிரலில் அந்த நிறம் ஏறி நின்றிருக்கும். மொட்டை மாடியில் வெயில் சாயும் நேரம் பார்த்து, காசை விளிம்பில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் செல்போனோடு குனிவான்.

"கட்டைவிரலைக் கொஞ்சம் மேல தள்ளு. இன்னும் கொஞ்சம். ம், அங்கியே வெச்சிக்கினு இரு."

எதற்காகத் தள்ளச் சொல்கிறான்? அடகுக் கடைகளில் மூழ்கிப்போய் மாசிலாமணியிடம் வந்து சேரும் வெள்ளைக்காரன் காலத்து ராணி காசுகளில் பாதிக்கு மேல் யாரோ கழுத்தில் கோத்துப் போட்டவை. ராணியின் கிரீடத்துக்கு மேலே ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைப் பத்தரிடம் கொடுத்து வெள்ளி வைத்து அடைத்துவிட்டால், துவரம்பருப்பு அளவுக்கு மங்கலாக ஒரு தடம் மட்டும் மிஞ்சும். சேகரிக்கிறவர்கள் அந்தத் தடத்தைக் கண்டால் காசைத் தொட மாட்டார்கள். புனிதாவின் கட்டைவிரல் போய் உட்கார்ந்துகொள்வது அதன் மேல்தான்.

இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தள்ளினாள். ஆகட்டும், சீக்கிரம் எடுத்து முடித்தால் கீழே போய் உலை வைக்கலாம் என்பதற்கு மேல் அவள் அதைப் பற்றி யோசித்ததில்லை. அவன் தொழில், அவன் படம், தன்னுடையது வெறும் கைதானே என்று இருந்துவிட்டாள்.

ஏலம் நடக்கும் வாட்ஸ்அப் குழுவின் தலைமாட்டில் மாசிலாமணி எழுதி வைத்திருந்த சட்டமும் பக்காவாக இருந்தது. படத்தில் இருப்பதே பொருள். எடுத்தது எடுத்ததுதான், திருப்பி வாங்கப்படாது. பார்சல் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுக்காவிட்டால் புகார் செல்லாது. படத்தில் கட்டைவிரலும் இருக்கிறதே, அதையும் பார்சலில் அனுப்புவாயா என்று இதுவரை எவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் ஒரு ராணி காசுக்குப் படம் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. பெண் குரல், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். செல்போனைப் பழக்கமில்லாதவர்கள் பேசுவது மாதிரி உரக்கப் பேசினாள்.

"ஐயா, நான் திண்டிவனம் பக்கத்துல பெருமுக்கல்லேர்ந்து பேசறேன். தைலம்மாள். இது மருமவ போனு. புதுசா ஊடு கட்டிக்கினு கீறோம். வாசக்காலுக்கு அடியில வெக்கறதுக்கு வெள்ளிக்காசு வேணும். ஓட்டை, ஒட்டு எதுவும் இருக்கக் கூடாதுங்க. முழுக்காசா இருக்கணும். இந்தக் காசு முழுசுங்களா?"

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் பேசினான். "படம் தெளிவாத்தான்மா போட்டிருக்கேன். நல்லா பெருசு பண்ணிப் பாத்துக்குங்க. உங்களுக்குத் திருப்தின்னா கேளுங்க."

பார்த்தீர்களா, இதில் எங்கே பொய் இருக்கிறது? பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புனிதாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உரித்தாள். ஏலம் முடிந்தபோது காசு பெருமுக்கல் தைலம்மாளுக்குப் போயிருந்தது. மறுநாள் அதைப் பஞ்சில் பொதிந்து, அட்டைக்குள் செருகி, கூரியருக்குக் கட்டிக் கொடுத்ததும் புனிதாதான்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் அடுத்த குரல் செய்தி வந்தது. புகாராக இருக்கும் என்று மாசிலாமணி சட்டத்தைப் படித்துக் காட்டத் தயாராகத்தான் அதைத் திறந்தான்.

"ஐயா, காசு வந்துட்சி. ரொம்ப சந்தோசம். படத்துல காசு புடிச்சிக்கினு இருக்காங்களே, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். எம்மா, எனக்குக் காசைப் பத்தி ஒண்ணும் தெரியாது. உன் கட்டைவிரல்ல மஞ்ச ஏறியிருந்திச்சே, அதப் பாத்துத்தான் எடுக்கச் சொன்னேன். குடும்பத்துப் பொம்பள கை, ஏமாத்தாதுன்னு மருமவகிட்ட சொன்னேன். பிரிச்ச கையோட காசை மஞ்சத்துணியில முடிஞ்சி சாமிகிட்ட வெச்சிட்டேன். வாசக்கால் வெக்கற வரைக்கும் ஒருத்தரையும் தொட உடலை. வர்ற வெள்ளிக்கெழம காலையில முகூர்த்தம். நீ வரணும். உன் கையாலயே அந்தக் காசை எடுத்து உள்ள போடணும். வந்துடும்மா."

மாசிலாமணி விழுந்து விழுந்து சிரித்தான். "உன் கைக்கு ஊர் ஊருக்கு ரசிகருங்க கீறாங்க போல."

"சிரிக்காதீங்க. அந்தம்மா ஓட்டை இருக்குதான்னு கேட்டுத்தானே வாங்கினாங்க. வேற நல்ல காசு மாத்தி அனுப்பிடலாங்க."

"அவங்க ரிட்டர்ன் கேட்டாங்களா? கேக்கல. அப்புறம் உனக்கு என்னா பேஜாரு? மண்ணுக்குள்ள போற காசு. எறும்பு வந்து ஓட்டை கீதுன்னு புகார் பண்ணப் போவுதா?"

அவன் அடுத்த ஏலத்துக்குக் காசுகளைத் துடைக்க உட்கார்ந்துவிட்டான். புனிதாவுக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. மாவு கரைக்கையில் கட்டைவிரல் கண்ணில் பட்டது. கோலம் போடுகையில் பட்டது. இத்தனை வருஷம் அந்த விரல் சும்மாதான் இருந்தது. இப்போது ஒருத்தி அதை நம்பியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, அதைத் தன் கையோடு வைத்துக்கொண்டிருப்பதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று செல்போனை எடுத்து எடுத்து வைத்தாள். என்னவென்று ஆரம்பிப்பது? 'நான்தான் அந்தக் கை, ஏமாற்றிவிட்டேன்' என்றா?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாசிலாமணி குளிக்கப்போன நேரத்தில், அவன் அடுத்த ஏலத்துக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருந்த முழுக்காசை எடுத்தாள். மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை, ஒட்டு இல்லை. அதைக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, மயிலம் கோயிலுக்குப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அந்த வீட்டில் வாயால் சொல்லப்பட்ட முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

பேருந்து ஏறியதும் தைலம்மாளின் மருமகள் போனுக்கு, வருகிறேன் என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் தைலம்மாளின் கணவர் பச்சைமுத்து டிவிஎஸ் எக்ஸெல்லோடு காத்திருந்தார். வெள்ளை வேட்டி, காதோரம் நரைத்த தலை, கால் விரலிடுக்கில் சிமெண்டு. "நீதானம்மா காசு குடுத்த பொண்ணு? ஏறு ஏறு. தைலம் உன்னைய எதிர்பாத்துக்கினு கீது."

வண்டியில் போகும்போதே இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று புனிதா முடிவு செய்தாள். முதுகைப் பார்த்துப் பேசுவது முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட எளிது. ஆனால் அவர் முந்திக்கொண்டார்.

"ரெண்டாயிரத்து இருவத்தி நாலு பெஞ்சல் புயல்ல எங்க ஊட்டுச் செவுரு ஒரே ராத்திரில உக்காந்துட்சிம்மா. உசுரு தப்பிச்சதே பெருசு. அப்புறம் இடிஞ்சத அள்ளிக் கொட்டறப்போ பழைய வாசக்காலுக்கு அடியில ஒரு வெள்ளிக்காசு கெடந்திச்சி. எங்க அப்பா காலத்துல வெச்சது. பாத்தா அதுல ஓட்டை. யாரோ தாலிக்கயித்துல கோத்த காசு. மூளிக்காசை வாசல்ல வெச்சிட்டுப் பொழைச்சிருக்கோமேன்னு தைலம் அன்னைக்கு அழுதுச்சி பாரு, அப்படி ஒரு அழுகை. அந்த ஊட்லதான் எங்க பெரிய பையன் தவறிப்போனான். எல்லாத்துக்கும் அந்தக் காசுதான் காரணம்னு அது மனசுல ஊறிப்போச்சி. எனக்கு அதுலல்லாம் பெரிய நம்பிக்கை கெடையாதும்மா. ஆனா நம்பறவங்ககிட்ட போய் இல்லன்னு எப்படிச் சொல்றது? இந்தத் தடவை முழுக்காசு கெடைக்காம வாசக்கால் வெக்க மாட்டேன்னு ஒரே புடி. ஆசாரி நெலைய முடிச்சிக் குடுத்தும் சும்மாவே கெடந்திச்சி. ஒரு வழியா உன் புண்ணியத்துல கெடைச்சிட்சி."

புனிதா வாயைத் திறந்தாள். எதிர்க்காற்றும் மல்லாட்டை விதைத்த கொல்லைப் புழுதியும்தான் உள்ளே போயின. மூடிக்கொண்டாள்.

வீட்டு மனையில் சுவர்கள் இடுப்பளவு எழும்பியிருந்தன. நடுவில் வேப்பமரத்து நிலை, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மாவிலை கட்டிப் படுத்திருந்தது. சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் தாம்பாளங்களோடு நின்றிருந்தார்கள். தைலம்மாள் ஓடிவந்து புனிதாவின் வலது கையைத்தான் முதலில் பிடித்தாள். முகத்தைப் பிறகுதான் பார்த்தாள்.

"இந்தக் கைதாண்டி. அருணா, வந்து பாரு, படத்துல பாத்தமே, அதே கை." மருமகள் அருணா சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தாள். அவள் கணவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. அவனுக்கு அனுப்ப எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு வார்த்த தனியா பேசணும்," என்றாள் புனிதா.

"எல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல காப்பித்தண்ணி குடி. இவங்க என் நாத்தனாரு. இதோ இவங்கதான் காசு குடுத்தவங்க." ஒருத்தி பூ வைத்துவிட்டாள். இன்னொருத்தி குங்குமம் நீட்டினாள். புனிதாவுக்குக் கழுத்துக்கு மேலே ரத்தம் ஏறிக் காது சுட்டது. இவ்வளவு மரியாதையை வாழ்நாளில் யாரும் அவளுக்குச் செய்ததில்லை. ஒவ்வொரு உபசாரமும் செருப்படி மாதிரி விழுந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சொல்வானேன்? காசைப் போடப் போவது தன் கைதானே. அவர்கள் தருகிற காசை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, தன்னிடம் இருக்கிற முழுக்காசைக் குழியில் விட்டுவிட்டால் காரியம் முடிந்தது. தைலம்மாளுக்கு முழுக்காசு, தனக்கு நிம்மதி, ஒருவருக்கும் மனக்கஷ்டம் இல்லை. திருட்டு நல்லதுக்காகச் செய்யும்போது எவ்வளவு நேர்மையாகத் தோன்றுகிறது! முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் ரவிக்கையிலிருந்த காசை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி நிலை நிற்கப்போகும் குழியில் பாலை ஊற்றினார். தைலம்மாள் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, காசைப் பார்க்கவும் செய்யாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புனிதாவின் கையில் வைத்தாள். புனிதா குனிந்தாள். ஒரு காசு மடங்கியது, ஒரு காசு விழுந்தது. பாலில் விழுந்த சத்தம் கேட்டது.

"அக்கா, ஒரு நிமிசம்," என்றாள் அருணா, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கையில இன்னொரு காசு கீதே?"

எல்லோரும் திரும்பினார்கள். "எடுத்துக்கிச்சா?" என்று நாத்தனார் கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது. புனிதா கையை இன்னும் இறுக மடக்கிக்கொண்டாள்.

"ச்சீ, என்னா பேச்சு பேசற!" தைலம்மாளுக்கு நாத்தனார்மேல் கோபம் வந்துவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்தவங்களப் பாத்துப் பேசற பேச்சா இது? தன் பங்குக்கு ஒரு காசு போடலாம்னு கொண்டாந்திருப்பாங்க. இல்லம்மா? கூச்சப்படாத. அதையும் சேத்துப் போடு. ரெண்டு காசா இருந்தா இன்னும் நல்லது."

விரலைத் திறந்தால் போதும். மூளிக்காசு பாலுக்குள் போய்விடும், மேலே சிமெண்டு விழும், நிலை ஏறும். அதற்கப்புறம் எவராலும் அதைத் தோண்டிப் பார்க்க முடியாது. தைலம்மாள் சாகிறவரைக்கும் இந்தக் கையை வாழ்த்திக்கொண்டிருப்பாள். புனிதா அந்த வாழ்த்தை நினைத்துப் பார்த்தாள். கை திறக்க மறுத்தது.

"போடக் கூடாதும்மா," என்றாள். "இது நீங்க வாங்கின காசு. இதுல ஓட்டை இருக்குது. அடைச்சி வெச்சிருக்காங்க. நான்தான் படத்துல கட்டைவிரலை வெச்சி மறைச்சேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் மறைச்சேன். உள்ள கெடக்கறது முழுக்காசு. மாத்திப் போட்டுடலாம்னு கொண்டாந்தேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள். அதுகூட வரவில்லை. அம்மணமாக நிற்கிற மாதிரி இருந்தது. பச்சைமுத்து அவள் கையிலிருந்து காசை வாங்கி வெயிலுக்குக் காட்டினார். கிரீடத்துக்கு மேலே நகத்தால் சுரண்டினார். அப்புறம் மேஸ்திரியைப் பார்க்க, மேஸ்திரி பாலுக்குள் கையை விட்டு உள்ளே கிடந்த காசை எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் காசையும் சுரண்டிப் பார்த்தார்கள். அருணா பார்த்தாள், நாத்தனார் பார்த்தாள், பின்னால் நின்றவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். விளிம்பைத் தடவினார்கள், கல்லில் தட்டி ஓசை கேட்டார்கள். அது குற்றமில்லாத காசு. புனிதா அதை வெயிலில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள். ஆனால் அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவளும், நல்ல காசுதான் நம்புங்கள் என்று சொல்லத் துணியவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

"நல்லாத்தான் கீற மாதிரி இருக்குது," என்றார் பச்சைமுத்து, மனைவியைப் பார்த்து.

தைலம்மாள் இரண்டு காசையும் வாங்கி, அதே மஞ்சள் துணியில் முடிந்து, புனிதாவிடம் நீட்டினாள். "வேணாம்மா. எது முழுசு, எது மூளின்னு எனக்கு இனிமே பாக்கத் தெரியாது. ரெண்டையும் எடுத்துக்கினு போங்க. திருப்பி வாங்க மாட்டீங்கன்னு எழுதியிருக்கீங்களாமே, அருணா அன்னைக்கே படிச்சிக் காட்டுச்சி. பணம் கேக்கல. காசு மட்டும் எங்க ஊட்ல வேணாம்."

காலையிலிருந்து நீ, உன் என்று பேசிக்கொண்டிருந்தவள் இப்போது நீங்க என்றாள். புனிதா வாங்கிக்கொண்டாள்.

பச்சைமுத்து சட்டைப்பையைத் துழாவி ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தை எடுத்தார். தைலம்மாள் அதைத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் தடவினாள். தன் கையாலேயே அதைக் குழிக்குள் விட்டாள். இத்தனை நாள் முழு வெள்ளிக்காசு வேண்டும் என்று நிலையைக் கிடப்பில் போட்டுக் காத்திருந்தவள், கடைசியில் டீக்கடையில் மீதி வாங்கின சில்லறையை வைத்து வாசலை நிறுத்துகிறாள். அதைப் பார்க்க முடியாமல் புனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"டைம் போவுது, ஜல்தியா ஆளுக்கொரு கை குடுங்க," என்று மேஸ்திரி கூப்பிட்டார். பெண்கள் எல்லோரும் வந்து நிலையைத் தொட்டார்கள். நல்ல கனமான நிலை. தூக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லை, புனிதாதான் நின்றிருந்தாள். யோசிக்காமல் கையை நீட்டினாள்.

"நீங்க கை வெக்காதீங்கம்மா," என்றாள் தைலம்மாள். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "அப்படி ஓரமா நில்லுங்க. சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

அருணா செல்போனை வைத்துவிட்டு ஓடிவந்து அந்தப் பக்கத்தைப் பிடித்தாள். நிலை நிமிர்ந்து குழியில் இறங்கியது. கற்பூரம் காட்டினார்கள்.

பிறகு வேப்பமரத்தடியில் இலை போட்டார்கள். வந்த வழியே ஓடிவிடலாம் என்று புனிதா பார்த்தாள். ஆனால் தைலம்மாளே வந்து அவளைப் பந்தியில் உட்கார வைத்து, சோறு போட்டு, சாம்பார் ஊற்றிவிட்டு எதிரே நின்றாள். சாப்பிடாமல் எழுந்திருக்க வழியில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கையால்தான் பிசைந்து சாப்பிட்டாள்.